மூன்று மணி வரை சொல்லமாட்டேன்

அன்புள்ள ஜெஸ்வின் அண்ணனுக்குத் தங்கை ஜெர்லின் எழுதுவது. இதை யாருக்கும் காட்டாதே, நீ படிக்கிற குருமடத்துச் சாமியாருக்கும் வேண்டாம். அங்கே உனக்குப் போன் தரமாட்டார்கள் என்பதால்தான் ராத்திரியில் ஒளிந்து கடிதம் எழுதுகிறேன். நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே அம்மாவின் கால் வெடிப்பைத் தவிர எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

அப்பா இந்த முறையும் ஊராட்சித் தலைவருக்கு நிற்கிறார். உப்பளத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று பித்தளைக் குழாய் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வேட்புமனு கொடுத்தார். போன முறை செருப்புச் சின்னம் கிடைத்து, வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்களிடம் போய் ஓட்டுக் கேட்டாரே, அதை வைத்து உப்பளத்தில் வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் அக்கா, "இந்த வாட்டி இன்னா சின்னம் சவரிண்ணே, சீப்பா?" என்று கேலி செய்தார். ஆனால் போன வாரம் அந்த அக்காவே வெயிலில் உப்புப் பாத்தியில் மயங்கி விழுந்தார், வாயில் ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் இப்போது அப்பா பக்கம். அதனால்தான் பயமாயிருக்கிறது அண்ணா. இன்று பள்ளி விட்டு வரும்போது பழைய தலைவரின் ஆட்கள் இரண்டு பேர் உப்பளத்து ரோட்டில் பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்கள். சத்தம்கூடப் போடவில்லை. "நாளைக்கு மூணு மணிக்குள்ள உங்கப்பன வாபஸ் வாங்கச் சொல்லு பாப்பா. நீ டெய்லி இந்த வழியாத்தானே வர்ற" என்றான் ஒருவன்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா அழுதும், பங்குச் சாமியார் கூப்பிட்டுப் பேசியும் அவர் ஒரு தேர்தலிலும் வாபஸ் வாங்கியதில்லை. எனக்கு ஒன்று என்று தெரிந்தால் விடிந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் சொல்லமாட்டேன். பள்ளிக்கும் போவேன், போகாவிட்டால் ஏன் என்று கேட்பார். பள்ளி விடும்போது மூன்று மணி தாண்டியிருக்கும், அப்புறம் அவர் பெயரை யாராலும் எடுக்க முடியாது. கொளஞ்சியம்மாள் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "நீ வா பாப்பா, நாங்க பொம்பளைங்க எல்லாம் உப்பு வாருற பலகையோட ரோட்டுல நிக்கிறோம்" என்றார்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் எங்களுக்காக ஜெபம் செய். அப்பா அம்மா ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அப்பாவுக்கு எழுதினால் இதைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு உன் தங்கை

வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள். அப்பா விழித்துக்கொண்டு யாரது என்கிறார். அவருக்கு முன்னால் நான் போய்