அலை மொடியூல் ஓட மறுத்த வாரம்

சாய்ந்தமருது,
சனிக்கிழமை

ஜனாப் றாஸிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வட்ஸ்அப்பில் உங்களை நான் பிளொக் செய்து இன்றோடு ஒன்பது நாள். அதில் மாற்றமில்லை. ஆகவே இந்த ஈமெயிலைச் சமாதானம் என்று எண்ணி வாப்பாவுக்கு போன் எடுத்துவிடாதீர்கள். இது அலுவல் கடிதம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எனது முதுமாணி வாய்மொழிப் பரீட்சை. ஒலுவில் ஊர்க் கடற்கரையின் மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் கணினியில் ஓடவிட்டுக் காட்டவேண்டும். டோஹாவுக்குப் போகுமுன் அதற்காக நீங்கள் ஒரு அலை மொடியூல் எழுதித் தந்தீர்கள். சிமியுலேஷன் மென்பொருளுக்குள் செருகுகிற அந்தத் துண்டு இப்போது கொம்பைல் ஆகமாட்டேன் என்கிறது. நூற்று நாற்பத்திரண்டு பிழைகள். இந்த முறை தவறினால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாளுக்கு முன் தங்கச்சி ஜெனூபாவின் கலியாண வீட்டில் வீடியோ கோலில் வந்து, முழுச் சனமும் கேட்க, "ஆராய்ச்சி நிப்லாட, மூள மட்டும் என்ட" என்று சிரித்தீர்களே, அந்த மூளையின் இலட்சணத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் உங்கள் கோப்பில் தொட்டது ஒரேயொரு எண்ணைத்தான். மணலின் பருமன். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது.

பதிலில் பிழையைப் பற்றி மட்டும் எழுதவும். சுகம் விசாரிக்கத் தேவையில்லை. நான் நல்ல சுகம். நீங்கள் இங்கே இருந்தபோது மருமகனுக்கென்று உம்மா எடுத்து வைத்த பெரிய சூரை மீன் துண்டை இப்போது நான்தான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
எம்.பீ.எப். நிப்லா


திங்கட்கிழமை

றாஸிக் அவர்களுக்கு,

ஸலாம். சனிக்கிழமைக் கடிதத்தை இன்னும் வாசிக்கவில்லையென்றால் தயவுசெய்து வாசிக்கவேண்டாம்.

இன்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கெம்பஸ் ஆய்வுகூடத்துக்குப் போனேன். அங்கே தொழில்நுட்ப அலுவலராக இருக்கிற கனகரெத்தினம் ஐயாவிடம் காட்டினேன். இரண்டு நாளாக நான் திரையின் அடியில் கிடந்த கடைசிப் பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். "முதல் பிழையப் பாருங்க பிள்ள, மத்ததெல்லாம் அதுட புள்ளகுட்டிகள்" என்றார். முதல் பிழை முதலாவது வரியில். அந்த வரியில் தனியாக நின்றது 786.

முதலாம் வகுப்பிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் பிஸ்மிக்குப் பதிலாக 786 போடாமல் என் கை எழுதத் தொடங்காது. மணலின் பருமனை மாற்றக் கோப்பைத் திறந்தபோதும் அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. இந்த எண் யாருக்காக நிற்கிறது என்று கொம்பைலருக்கு விளங்கவில்லை. மற்ற நூற்று நாற்பத்தொரு பிழையும் அந்தத் திகைப்பில் வந்தவை. உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை. இதை நான் ஒருமுறைதான் எழுதுவேன்.

ஐயா அதைத் தொடவில்லை. "நீங்களே எடுங்க பிள்ள, நான் அழிச்சாச் சரியில்ல. நாங்களும் பிள்ளையார் சுழி போடுறதான், ஆனா கொப்பியில" என்றார். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்ச் சிரித்தார். கதவு சாத்தியிருந்தும் கேட்டது. எனக்கும் அழிக்க மனம் வரவில்லை. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டேன். இனிக் கணினி அதை வெறும் குறிப்பு என்று எண்ணிக் கடந்து போகும்.

கொம்பைல் ஆனது. ஆனால் மென்பொருள் மொடியூலை ஏற்கவில்லை. கெம்பஸில் இருப்பது புதிய பதிப்பு. நாங்கள் கட்டியது பழையதற்கு. புதியதற்கு மறுபடி கட்டினேன். ஏற்றுக்கொண்டது. மூன்று விநாடி ஓடிவிட்டு விழுந்தது. என்னவென்று தேடிப் பார்த்தால், ஒலுவில் கரையில் நீங்கள் அளந்த அலைக் கணக்கை மொடியூல் டோஹாவில் இருக்கிற உங்கள் மடிக்கணினியின் D டிரைவில் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோப்பு என்னிடம் இல்லை. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கேட்கிறேன். கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நிப்லா


வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், பாஸ். உம்மா கேட்டவுடன் அழுதார்; வாப்பா கல்முனைக்குப் போய் இரண்டு கிலோ தொதல் இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

கோப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை. என் கடிதத்துக்கு அது நியாயம்தான். வெறும் எண்கள் என்று நினைத்துத் திறந்தேன். நாற்பத்தொரு விடியற்காலைகள். திகதி, நேரம், அலையின் உயரம், கடைசியில் உங்கள் குறிப்பு. "மழை." "காய்ச்சல், ஆனாலும் வந்தேன்." "அளவுக் கம்பைக் கடல் கொண்டு போய்விட்டது, புதுக் கம்பு." வேலைக்குப் போகிற வழியில் அளந்தேன், லேசான வேலை என்றுதானே அப்போது என்னிடம் சொன்னீர்கள்?

எங்கள் கலியாணத்துக்கு மறுநாளும் அதில் இருக்கிறது. காலை ஐந்து நாற்பது. புது மாப்பிள்ளையைக் காணவில்லை என்று வாப்பா பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் ஆள் அனுப்பிய காலை. நனைந்த சாரனோடு வந்து, காற்று வாங்கப் போனேன் என்றீர்கள். நான் அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை. அந்த வரியில் அலையின் உயரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "நிப்லா நல்ல நித்திரை. எழுப்பவில்லை."

இன்று மொடியூல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. இதை யார் எழுதியது என்று கேட்டார்கள். அலையை அளந்ததும் இதை எழுதியதும் என் கணவர், கெடுத்ததும் திருத்தியதும் நான் என்றேன். ஆனால் கலியாண வீட்டுப் பகிடியை நான் மன்னிக்கவில்லை. ஜெனூபாவுக்கும் மாப்பிள்ளைக்கும் உம்மா வைக்கிற விருந்துக்கு வீடியோ கோலில் வந்து, அதே சனத்துக்கு முன்னால் நீங்களே திருத்திச் சொல்லவேண்டும். பிளொக்கை எடுத்துவிட்டேன்.

மார்கழி லீவைத் தள்ளிப்போட வேண்டாம் மச்சான். அல்லாஹ் உங்களை நோய்நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்த பிறகு விடியற்காலையில் எங்கே போவதென்றாலும் என்னை எழுப்புங்கள். எவ்வளவு நல்ல நித்திரை என்றாலும் எழுப்புங்கள்.

உங்கள்
நிப்லா