காலி என்று எழுதிய கடை

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மனைவி, நம் சின்னவள், இந்த வாரமாவது வயிறாரச் சாப்பிட்டாளா? இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி உனக்கு முதுகுவலி திரும்பியிருக்கும். நீ சொல்ல மாட்டாய். காலில் ஆணி குத்தியதையே இரண்டு நாள் மறைத்து வைத்தவன் நீ.

இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் அத்தான் காலை நடை என்று ஒன்றை ஆரம்பித்து மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். கேட்டால், செருப்பு கடிக்கிறதாம். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் மழை வரும்போல இருக்கிறதாம். இதையெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் பின்னால் சின்னவள் இருமுவது கேட்டது. சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகர மையத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில், இடிக்கப்போகும் கடைகளின் பட்டியலில் உன் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்துவிட்டார்கள் என்று எழுதுவதுகூடத் தப்பு. சேர்த்தது நான்.

கடைத்தெரு எப்படி இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புறவழிச் சாலையில் பெரிய வணிக வளாகம் வந்த பிறகு மூன்றில் ஒரு கடை மூடிக் கிடக்கிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பஸ் ஏறிச் சுற்றிக்கொண்டு சதுக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் தெருவில் கால் வைப்பதே இல்லை. அதனால் நடுவில் காலியாகக் கிடக்கும் கடைகளை எடுத்துவிட்டு, நிலையத்திலிருந்து சதுக்கம்வரை மரமும் நிழலுமாக ஓர் அகலமான நடைபாதை போடுவது என்று முடிவானது. ஆட்கள் நடந்தால் மிச்சமிருக்கும் கடைகள் பிழைக்கும். இதை நான் அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். நாலு வருஷம் இந்த வரைபடத்தின் மேல் குனிந்துதான் என் கண்ணே கெட்டது. அந்தக் கண்ணுக்கும் நீதான் கண்ணாடி போட்டுக் கொடுத்தாய்.

எது காலிக் கடை என்று முடிவு செய்ய ஒரு விதி வேண்டியிருந்தது. அதைப் போட்டதும் நான்தான். மூன்று முறை போய்ப் பார்ப்பது, மூன்று முறையும் ஷட்டர் இறங்கியிருந்தால் அது காலி. வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம். எளிமையான விதி, யாரும் சிபாரிசு பிடிக்க முடியாது என்று எங்கள் திட்ட இயக்குநர் கூட்டத்திலேயே பாராட்டினார்.

முதல் இரண்டு சுற்றுக்கு உதவியாளர்கள் போனார்கள். மூன்றாவது சுற்றுக்கு நான் போனேன். உன் கடை வாசலில் நின்றபோது, கூட வந்த பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இது உங்க தம்பி கடைதானே? என்ன போடறது?" என்று கேட்டாள். "காலின்னு போடும்மா" என்றேன். தம்பி, அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் எழுதச் சொன்னேனே என்று மனசுக்குள் என் தோளை நானே தட்டிக்கொண்டேன். உன் கடைச் சாவி அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் திறந்து வைக்கிறேன், வைத்தது வைத்த மாதிரி எல்லாம் அப்படியே இருக்கும், நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சிகிச்சையைப் பாருங்கள் என்று ரயில் நிலையத்தில் சின்னவளின் கையைப் பிடித்துச் சொன்னேன். இரண்டு மாசம் திறந்தேன். அப்புறம் இந்த வேலை தலைக்கு மேல் போனது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு மாசம் ஓடிவிட்டது.

பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் உன் கடைக்கு எதிர்வரிசைத் தையற்காரர் பாதி தைத்த கோட்டைக் கையில் போட்டுக்கொண்டே ஆபீசுக்கு வந்துவிட்டார். அவர் காலையில் வீடு வீடாகப் போய் அளவெடுப்பவர், மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பார். அவர் கடையும் காலி என்று எழுதியிருக்கிறோம். "ஒரு நாளாவது மதியம் வந்து பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று சுற்றும் காலை பதினொரு மணிக்கு. ஏன் தெரியுமா? ஆபீஸ் வண்டி பன்னிரண்டு மணிக்கு வேறு பிரிவுக்குப் போய்விடும். உங்கள் தெரு என் மேஜையிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆட்களை நடக்க வைக்கத் திட்டம் போட்ட நாங்கள் ஒரு நாள்கூட நடந்து போகவில்லை.

ஆட்சேபணையை வருகிற இருபத்துநாலாம் தேதி கேட்கிறார்கள். கடை நடத்துகிறவர் நேரில் வர வேண்டும். நீ ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போனால் போதும். ஒன்றரை நாள் ரயில் என்று தெரியும். நீ கிளம்பும் முன்பே நான் அங்கே வந்துவிடுகிறேன், சின்னவள் பக்கத்தில் நான் இருக்கிறேன். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய கடை, தம்பி. என்னைத் திட்டு, ஆனால் வா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. நாலு வரியையும் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். மருந்தை நிறுத்திவிட்டார்கள், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் சொன்னதை எப்படி அவ்வளவு சின்னக் கையெழுத்தில் எழுதினாய்?

நீ வராமல் இருந்ததுதான் சரி. வா என்று எழுதிய கையால்தான் இதை எழுதுகிறேன். முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ஒரு நாள்கூட அவளை விட்டு நகராதே.

இருபத்துநாலாம் தேதிக்கு நான் போனேன். கணக்கெடுத்தவரே கடைக்காரருக்காகப் பேச முடியாது என்றார்கள். அதனால் முந்தின நாளே திட்டத்திலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, தையற்காரரின் ஆட்சேபணைக்குச் சாட்சியாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நாலு வருஷம் அந்த அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்து நாற்காலிகளில் கை வைத்துக்கொள்ளக்கூட இடம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கணக்கெடுப்பு தப்புன்னு சொல்றீங்களா?" என்று இயக்குநர் கேட்டார். பார்த்ததை ஒழுங்காகத்தான் எழுதினோம், பார்த்த நேரம்தான் தப்பு என்றேன். வண்டி விஷயத்தையும் சொன்னேன். தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷராக இருந்ததால்தான் அடுத்த கேள்வியையும் கேட்டார். "மத்த கடைங்க சரி. உங்க தம்பி கடை மதியமும் மூடித்தானே இருந்துச்சு? அத என்னன்னு எழுதறது?"

சிகிச்சை, தூரம், கஷ்டம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "சாவி எங்கிட்ட இருந்துச்சு சார். அந்தக் கடைய மூடி வச்சது நான்தான்" என்றேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். உன் அத்தான் கேட்டால் நம்ப மாட்டார்.

பதினேழு சாம்பல் கட்டங்களையும் அழித்துவிட்டு அடுத்த மாதம் புதிதாகக் கணக்கெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேறு ஆட்கள், வேறு வேறு நேரங்களில், நடந்து வந்து பார்ப்பார்கள். உன் கடை பிழைத்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன், உன்னிடம் வாக்குக் கொடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நடைபாதை எப்படியும் வரும், யாராவது இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் வரும்போது உன் கடை திறந்திருக்கும்.

நாற்பது நாள் லீவு எடுத்துவிட்டேன். காலையிலும் மதியத்திலும் நான்தான் கடையில். முதல் நாள் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. தையற்காரர் வந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார். மேஜை டிராயரில் நீங்கள் செய்து முடித்து வைத்த கண்ணாடிகள் முப்பத்தெட்டு உறைகளில் இருந்தன. உறையின் மேல் சின்னவள் பெயரா எழுதியிருக்கிறாள்? "அவசரக்காரர்", "குடையை மறந்துவிட்டுப் போகிறவர்", "டீச்சர், காது பெரிது, கம்பியை வளைக்கவும்". தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஷட்டர் தூக்கியிருப்பதைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள், இதுவரை பதினான்கு உறைகள் போய்விட்டன. டீச்சர் நேற்று வந்தார். கம்பியை நான் வளைத்த லட்சணத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்த முறை அந்தப் பெண்ணே சரி பண்ணட்டும் என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார். நான் தலையாட்டினேன்.

கண் பரிசோதனை கேட்டு வருகிறவர்களின் விலாசத்தை ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைக்கிறேன். சின்ன ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தாய்? மூன்று நாளாகத் தேடுகிறேன், காய்கறிக் கத்தி முனையால்தான் காலம் ஓடுகிறது.

தம்பி, உன் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்போதுதான் வருகிறேன். முழித்துக்கொள்ளும்போதெல்லாம், "அக்கா கடையத் தெறந்தாங்களா?" என்று கேட்கிறாள், நானும் ஆமாம் என்கிறேன் என்று எழுதியிருந்தாய். அப்போது கடை மூடியிருந்தது உனக்குத் தெரியும். என் முதல் கடிதம் உன் சட்டைப் பையில் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லியிருக்கிறாய்.

இனிமேல் அவள் கேட்டால் அவள் முகத்தைப் பார்த்தே சொல். திறந்திருக்கிறது என்று சொல். டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று சொல். அவள் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இரு.

இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம்,
அக்கா