பேனரில் என் படம் வேண்டாம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். ஃபிளெக்ஸ் காயவே இல்லை. உருட்டினால் மை ஒட்டுகிறது. அதற்குள் நாலு போன். "பாய், ஆச்சா?" ஆகவில்லை. மழையிடம் கேளுங்கள்.

வாங்க வேண்டியது: சிவப்பு மை, கட்டுக் கயிறு, வீட்டுக்கு நெத்திலிக் கருவாடு.

ஜெனி சரியான நேரத்துக்கு வந்தாள். கடையில் டிசைன் வேலை முழுக்க அவள்தான். ஞாயிறன்று சபையில் கீபோர்டும் வாசிப்பாள். வாசித்தாள் என்று எழுத வேண்டும். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் போதகர் தன்னை மட்டும் நிற்கச் சொல்வதையும் கையைப் பிடிப்பதையும் போன மாதம் கமிட்டியில் எழுந்து சொல்லிவிட்டாள். கமிட்டி கண்ணை மூடி ஜெபம் செய்து கலைந்தது. அவ்வளவுதான் நடவடிக்கை.

வெள்ளிக்கிழமை மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறாளாம். ஜும்மாவுக்குக் கடை அடைக்கும் நேரத்தில் போய்விட்டு வந்துவிடுவாளாம். இதற்குக்கூட லீவு கேட்காத பிள்ளை. அவள் அம்மா வர மாட்டாள், பயம். நான் வரட்டுமா என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பாய்க்க கூட வந்தாள்னு அதுக்கொரு வீடியோ போடுவானுவ."

சரிதான். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சரிதான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்தது. கரண்ட் இரண்டு முறை போனது.

கமிட்டியில் பேசியதை எவனோ வெளியே சொல்லி, இப்போது ஃபேஸ்புக்கில் ஓடுகிறது. கமெண்ட் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒருத்தன் கிறிஸ்தவர் அத்தனை பேரையும் கப்பலேற்றச் சொல்கிறான். பதிலுக்கு ஒருத்தன் எங்கேயோ ஒரு சாமியாரின் பழைய கேஸைத் தூக்கிப் போடுகிறான். நடுவில் புகுந்த ஒருத்தன் எங்கள் ஆட்களையும் சேர்த்துத் திட்டியிருக்கிறான், விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தான் போல. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

மத்தியானம் சபைச் செயலாளர் தங்கதுரை வந்தார். பெரிய பேனர் வேண்டுமாம். மேலே போதகர் படம், "எங்கள் மேய்ப்பரோடு நாங்கள்" என்று கொட்டை எழுத்து. கீழே வட்ட வட்டமாகச் சபையார் முகங்கள்.

"போட்டோவுக்கு எங்க போறது?" என்றேன்.

"அசனத்துக்கு அடிச்ச பேனர் உமக்க கம்ப்யூட்டர்ல கெடக்கும்லா. அதுல உள்ள மொகத்த எல்லாம் எடுத்துப் போடும்."

அசன விருந்துக்குச் சிரித்த முகங்கள். அதில் ஜெனியும் இருக்கிறாள். அவளோ ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். அவளே கேட்டாள்: "எனக்க படமுமா?"

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொல்கிறார்: "கெடக்கட்டும் பாய். எடுத்தா எதுக்கு எடுத்தியன்னு நாலு பேரு கேப்பான்."

போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை. அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றால்தான் கல்யாணம். முதல் ஓலை வரும் ஞாயிறு.

"ஓலையெல்லாம் எனக்க கையில தான் இருக்கு. நல்லா யோசி மக்கா."

மக்காவாம்!

ஜூன் 11, புதன்

வெயில். கடைசியில் ஃபிளெக்ஸ் காய்ந்தது. காலையில் ஒரு நல்ல காரியம்.

அது பொறுக்கவில்லை போல, முரளி வந்தான். ஏதோ ஒரு பேரவையில் பொறுப்பு. அவனுக்கும் அதே அசன ஃபைலில் இருக்கும் ஜெனியின் முகம்தான் வேண்டுமாம். "தங்கச்சிக்கு நீதி வேணும்" என்று பேனர். அடியில் கிறிஸ்தவர்களைப் பற்றி அவன் சொன்ன வரியை இங்கே எழுத மாட்டேன்.

"தங்கச்சிக்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

போனைத் தடவித் தடவிப் பார்த்தான். தெரியவில்லை. தங்கச்சிதான் அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

முடியாது என்றேன். சாயங்காலமே போஸ்ட்: மிஷன் காசு வாங்கிய பாய் கடை, யாரும் போகாதீர்கள். சபை குரூப்பில் வேறு கதை: பாய்தான் அந்தப் பெண்ணைத் தூண்டிவிட்டாராம். இரண்டு பக்கமும் என்னை வில்லனாக்கியதில் மட்டும் ஒற்றுமை.

மைத்துனன் போன். "நல்லா அடிச்சுக்கிடட்டும் மச்சான், நமக்கென்ன." சிரிப்பு வேறு. வெளியூரில் ஒரு பள்ளிவாசல் ஹஜ்ரத் மேல் புகார் வந்தபோது எதிரிகளின் சதி என்று எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தவன் இவன். போனை வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அவனுக்காக.



ஜூன் 12, வியாழன்

மறுபடி மழை.

தங்கதுரையின் வேலையையும் முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். ஜெனி விடவில்லை.

"நானே செய்யுதேன் அண்ணாச்சி. நம்ம கடைக்க முறைப்படி செய்வோம்."

கடை முறை என்றால், படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் படம் போகும். ஒரு கல்யாணப் பேனரில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி. ஜெனி தன் முகத்தை எடுத்தாள். அந்த வட்டத்தை அப்படியே காலியாக விட்டாள். எல்லோருக்கும் அனுப்பினாள்.

பிறகு போன் ஓயவில்லை. எல்லாம் பெண்கள்.

"அந்த சாரி எனக்கு கொள்ளாது பாய், எனக்க படத்த எடுத்துருங்க."

"முடி நரச்சு கெடக்கு. வேண்டாம்."

"மருமவ வீட்டுல ஒரு மாதிரி நெனப்பாவ."

"காரணமெல்லாம் கேக்காண்டாம். எடுத்துரும்."

ஒருத்தியாவது போதகர் பெயரைச் சொல்ல வேண்டுமே! இல்லை. சாரி, நரை, மருமகள். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காத கூட்டம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெனி ஒவ்வொரு முகமாக எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மேலே போதகர், கீழே தங்கதுரையும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் இன்னும் சில ஆண்களும். மற்றதெல்லாம் காலி வட்டம்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"படத்த எடுக்கச் சொல்லுதாவ. கூட வாறேன்னு ஒருத்தரும் சொல்லலியே அண்ணாச்சி."

போகும்போது, நாளைக்குப் போகவில்லை என்றாள். தம்பி காலில் விழாத குறையாம்.



ஜூன் 13, வெள்ளி

தூறல். ஜும்மாவுக்குக் கிளம்பும் நேரம். ஜெனி ஒரு பூப்பு நீராட்டு பேனருக்குப் பூ ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷட்டரை இறக்கப் போனேன், ஸ்டெல்லா உள்ளே வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. படத்தை எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீ ஸ்டேஷனுக்கு எப்பம் போற?"

"போகல்ல அக்கா. தம்பிக்க ஓலைய நாயித்துக்கெழம வாசிக்கணும்."

"அத வாசிப்பாவ. வீட்டுல நான் பேசியாச்சு. நீ எழும்பு."

ஜெனி எழுந்திருக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு அக்கா வம்பு? தங்கதுரை அண்ணன் உங்கள..."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை எங்கே திருப்புவது?

"ஸ்டேஷன்ல எனக்கும் சொல்லதுக்கு உண்டு மக்கா. நீ கமிட்டியில எழும்பி நின்னப்பமே சொல்லியிருக்கணும். இப்பம் வா."

இருவரும் போய்விட்டார்கள். மேஜையில் என் போன் அடிக்கிறது, தங்கதுரை. மறுபடியும் அடிக்கிறது. எடுக்கவில்லை.