மைனி சுமந்த இரண்டாவது கூடை

என் ஆசை செண்பக மைனி,

இங்கே சாரல் நின்றுவிட்டது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டமும் குறைந்துவிட்டது. நீங்கள் நட்ட கத்தரி பிஞ்சு விட்டிருக்கிறது. பறிக்கத்தான் உங்கள் கை இல்லை.

நாளைக்குக் கஞ்சிக் கொட்டகையில் கூட்டம். வயலை ஏழு பங்காகப் பிரிக்க வேண்டுமாம். கேட்பது வேறு யாருமில்லை, சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பி வந்திருக்கிற என் மகன் ஆறுமுகம். அதனால்தான் இந்தக் கடுதாசி. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எல்லார் முன்னாலும் நானே வாசிக்கப்போகிறேன்.

நினைவிருக்கிறதா மைனி? பண்ணையார் குத்தகையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, நாம் ஏழு குடும்பமும் இந்த மலை விளிம்புக்கு ஏறி வந்தபோது இங்கே ஒரு பிடி மண் கிடையாது. வெறும் பாறை. யாருக்கும் வேண்டாத இடம் என்பதால்தான் நமக்குக் கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள்தான் சொன்னீர்கள்:

"மண்ணு இல்லேன்னா என்ன? கீழ ஆத்தங்கரையில வண்டலு கெடக்குல்லா? தூக்கிட்டு வந்தாப் போச்சு."

அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். தேனையும் காயையும் தென்காசிச் சந்தையில் இறக்கிவிட்டு வருகிறவர், அதே கூடையில் வண்டலை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே வயல். 'வெறுங்கூடையோடு ஏறக் கூடாது' என்று கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியது நான். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதானே! அந்தப் பெருமை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். இருபது வருசத்தில் பாறைமேல் முழங்கால் ஆழத்துக்கு வயல் எழும்பிவிட்டது.

இந்த வைகாசியில் மகள் வயிற்றுப் பேத்தி பிறந்தாள். அவளுக்கென்று ஒரு எலுமிச்சை நிற்கட்டும் என்று, நாலு நாள் மண்ணை வயலில் கொட்டாமல் என் குடிசைக்குப் பின்னால் கொட்டினேன். எழுதியவளே மீறினேன்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "ஏட்டி பேச்சி, வயலுக்கு வழி மறந்துபோச்சோ?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"என் தலையில செமந்த மண்ணு. எங்கன கொட்டுனா ஒங்களுக்கு என்ன?"

நீங்கள் மறுநாளிலிருந்து இரண்டு நடை நடந்தீர்கள். ஒரு கூடை உங்களுடையது. இன்னொன்று, நான் வயலுக்குக் கொடுக்காதது. அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. சாரலில் நனைந்து நனைந்து ஏறி, காய்ச்சலில் படுத்தீர்கள்; பிறகு எழுந்திருக்கவே இல்லை. என் குடிசையிலிருந்து பத்து எட்டுத் தூரம். நீங்களே கூப்பிடட்டும் என்று இருந்தேன். கூப்பிட உங்களுக்குத் தெம்பு இருந்ததா மைனி? இதை இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று ஆறுமுகம் வயல் வரப்பில் நின்று சொல்லுதான்: "இது எங்க அம்மை தலையில செமந்த மண்ணு. எங்க பங்கு எங்களுக்கு வேணும்."

என் வார்த்தை. அன்றைக்கு உங்களிடம் நான் சொன்னதேதான்.

"ஏலே, இதுல ஒங்க செண்பக அத்தை செமந்த கூடை எதுன்னு காட்டு. அதை ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்தப் பிரிச்சுக்கோ" என்றேன்.

"அது எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுல்லா?"

குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான். விரலிடுக்கில் கொட்டவிட்டுக்கொண்டே நின்றான். நாளைக்கு என்ன சொல்வானோ, தெரியவில்லை.

இன்று காலையில் என் குடிசைக்குப் பின்னால் கொட்டிய மண்ணை வெட்டிச் சுமந்து, உங்கள் கத்தரிப் பாத்தியில் கொட்டினேன். நாலு கூடை. எலுமிச்சையையும் வேரோடு பெயர்த்து வயல் நடுவில் வைத்திருக்கிறேன். இலை வாடிக் கிடக்கிறது. பிழைக்குமோ என்னவோ.

கூட்டம் எப்படி முடிந்தாலும் சரி, நீங்கள் எனக்காக நடந்த அந்த இரண்டாவது நடையை, என் முழங்கால் தாங்கும் மட்டும் நான் நடப்பேன். இது சத்தியம். வெறுங்கூடையோடு ஏற மாட்டேன்.

பத்து எட்டு நடந்து வராத உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்