பானை தேய்த்த வெட்டிவேர்

மூதூர்
22.08.1980

அன்பு மகன் ஸஹாப்தீனுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டபடி இருக்கிறேன். நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. உன் ராத்தா ஸல்ஹாவின் மகன் பாயிஸ் புலமைப்பரிசில் சோதனையில் பாஸ், அதிபர் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், நான் படிப்பை விட்ட அதே ஐந்தாம் வகுப்பில் என் பேரன் பரிசு எடுத்திருக்கிறான். அவனுக்கு மூத்தவள், ஸல்ஹாவின் மகள் நஜ்முன் நிஸாவுக்கு ஆசிரிய கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டது, நம் குடும்பத்தில் வெண்கட்டி பிடிக்கப் போகிற முதல் பெண் அவள்தான். உன் மகள் அசனா யாசீன் ஸூராவில் பாதியைப் பாராமல் ஓதுகிறாள், குவைத்தை என் வாப்பாதான் கட்டினார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள், நாங்களும் திருத்தவில்லை.

இனி மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். பெருநாளைக்கு லீவில் வந்த உன் அறைக் கூட்டாளி ஜவாஹிர் செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருத்தி வட்டிலாப்பம் வைத்தேன். நோன்புக்கு முன்பு உனக்குக் கொடுத்தனுப்பிய வெட்டிவேர் முடிந்துவிட்டதா, இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். நீதானே எழுதினாய், தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கிறேன் உம்மா, சூடு தணிந்துவிட்டது, வியர்க்குருவும் போய்விட்டது என்று. அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். ஜவாஹிர் சிரித்தான். உங்கள் அறையில் சமைக்கிறவன் அந்த வேரைப் பானை தேய்க்கிற நார் என்று நினைத்து, கிடந்த சட்டி பானை எல்லாவற்றையும் மணக்க மணக்கத் தேய்த்து முடித்தானாம், இரண்டு நாள் சோறும் வெட்டிவேர் மணந்ததாம். எங்களுக்கும் சிரிப்புத்தான், உன் பெண்சாதி லைலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சும்மா, என் மகன் அதைப் பார்த்துக்கொண்டா இருந்தான் என்று கேட்டேன். "அவன் எங்க, மாமி, அறையில இருந்தவன்? ஆசுபத்திரியிலல்லோ" என்றான். சொன்ன பிறகு வெறும் கோப்பையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு இருந்தான். எவ்வளவு கேட்டும் சின்னக் காய்ச்சல் என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை, நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய் போல. லைலா குசினிக்குள் போய்க் கழுவின கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

எனக்கு வீட்டில் இருக்க ஏலாமல் போய்விட்டது. அடுத்த நாள் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்க அடிக்கக் கட்டைபறிச்சானுக்குப் போனேன், நமக்கு நாட்டு வைத்தியம் பார்க்கிற, வெட்டிவேர் தந்த கனகசுந்தரம் பரியாரியாரிடம். வெக்கைக்கும் தாகத்துக்கும் சலக்கடுப்புக்கும் வேரை மண் போகக் கழுவி, வெள்ளைச் சீலையில் முடிந்து, மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கலாம், காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவித்து வடித்துக் கொடுக்கலாம், வியர்க்குருவுக்குச் சந்தனத்தோடு அரைத்துப் பூசலாம் என்று முன்பு சொன்னதையெல்லாம் திரும்பவும் சொன்னார். ஆனால் ஆசுபத்திரி என்றதும் வேர் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "உம்மா, வெக்கைக்கு இது நல்லம். படுத்துக் கிடந்தவனுக்கு ஆளைப் பாராமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார். கண் மஞ்சளா, கால் வீங்கியிருக்கா, காலையில் முகம் ஊதுதா, சலம் போவது என்ன நிறம் என்று கேட்டார். பெற்றவள் நான், எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன். பெருநாளைக்கு நீ அனுப்பிய படத்தைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன், இதில் ஆள் நல்லாத்தானே இருக்கிறார், எப்ப எடுத்தது என்றார். போன மாதம் என்று நீ எழுதியதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து படத்தை லைலாவிடம் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் அசனாவின் தலையணையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். படத்தில் நீ போட்டிருக்கிற கோடு போட்ட சட்டை போன வருடம் நீ வந்தபோது விட்டுப்போனது மகன், அதைக் கிழித்து உறை தைத்து மாதக்கணக்காகிறது. பழைய படத்தை அனுப்பி எங்களை ஏய்க்கிற அளவுக்கு உனக்கு என்ன வந்தது. கோபத்தில் எழுதவில்லை, கோபப்பட்டால் நிம்மதியாக இருக்கும். எழும்பி வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்து ஒரு வரி எழுதுகிறேன், துறையில் லாஞ்சிச் சத்தம் கேட்டால் நீ வந்து இறங்குவாய் போல ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

ஜவாஹிரை ஏசாதே, அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் புது வேர் வைத்துக் கட்டிய பொதியையும் அவனிடமே கொடுத்துவிடுகிறேன். ஆசுபத்திரி மருந்தை விடாதே, வேர் வருகிறது என்று அதை நிறுத்திவிடாதே. வேரை வெட்ட வெயிலில் காய வைக்காதே, மணம் போய்விடும், சமைக்கிறவனிடம் இது மருந்து என்று முதலே சொல்லிவை. வேலைக்கு ஏலாது என்றால் வந்துவிடு, உன் காசில் எழும்புகிற வீட்டுச் சுவர் பாதியில் நின்றால் நிற்கட்டும், சுவருக்கு ஒன்றும் காய்ச்சல் வராது.

அல்லாஹ் உனக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், உன் பிள்ளையின் முகத்தை நீ பக்கத்தில் இருந்து பார்க்க வைக்கட்டும். மறந்துவிடாதே, ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. இந்தப் பொதிக்குள் லைலா வெட்டிவேரில் பின்னிச் சிவப்புச் சீலையால் கரை கட்டிய ஒரு விசிறி இருக்கிறது, இப்படி ஒன்று இதற்கு முன்பு உன்னிடம் இருந்ததில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நில், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், கால் பாதம் வரைக்கும் தெரிய வேண்டும். பரியாரியாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். மெலிந்திருந்தாலும் அனுப்பு மகன், வீங்கியிருந்தாலும் அனுப்பு. பார்த்தால் தாங்கிக்கொள்வேன், பாராமல்தான் ஏலாது.

உன் படத்துக்குக் காத்திருக்கும்
உம்மா செய்னம்பு