இடுப்பில் எத்தனை கணு

மார்ச் 4

வாட்ஸ்அப் எறும்புக் குழுவில் இன்று பதினோரு படங்களுக்குப் பெயர் சொன்னேன். பன்னிரண்டாவது அக்கா எனக்குத் தனியாக அனுப்பியது, புது வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் எடுத்தாளாம். "இது கடிக்குமாடி? வாண்டு அங்கதான் விளையாடுறா." கருந்தலை, சிவந்த நடுவுடல், கருத்த வயிறு. பேருந்தில் தொங்கிக்கொண்டே பதில் போட்டேன்: "கட்டெறும்பு ஜாதிதான், கடித்தாலும் விஷமில்லை. பயப்படாதே, விளையாடட்டும்." எவ்வளவு மிதப்பு எனக்கு.

மார்ச் 5, மதியம்

அது மேலிருந்து எடுத்த படம். வேறு யாராவது இப்படி அனுப்பினால் "பக்கவாட்டில் எடுங்கள், இடுப்பு தெரியணும்" என்று விரட்டுகிறவள் நான். இடுப்பில் முடிச்சுபோல ஒரு கணு என்றால் கட்டெறும்பு. அதே நிறத்தில் இரண்டு கணுவோடு இன்னொன்று உண்டு. மரப்பொந்தில் வாழும், கொட்டும்.

அலுவலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழலோ? இல்லை. இரண்டுதான்.

போன வருஷம் ஒரு குளவி கொட்டியதற்கே அக்கா மகள் வாண்டுக்கு முகமெல்லாம் வீங்கியது. நாலு தடவை கூப்பிட்டாச்சு, அக்கா ஃபோனை எடுக்க மாட்டேங்கிறா. எடு அக்கா, எடு —

அதே நாள், மாலை

எடுத்தது மாமா. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பிள்ளை கழுத்தில் இரண்டு கொட்டு. மூச்சு இழுக்கிறதாம்.

மார்ச் 6

ஊசி வேலை செய்தது. வாண்டு கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வார்டு வாசலில் மாமா அக்காவைப் பிடித்துக்கொண்டார். "கண்ண எங்க வச்சிருந்த? புள்ளைய அங்க விடலாமா?" அக்கா வாயே திறக்கவில்லை. நானும்தான். அவ சொல்லிட்டா என்ன பண்றதுன்னு அந்த நேரத்திலும் பயந்துக்கிட்டு நின்னேன். இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 7

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 9

வாண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. "மாமா, அக்கா என்கிட்ட கேட்டுட்டுதான் விட்டா. ஒண்ணும் பண்ணாதுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் நம்பவில்லை. "அக்காவுக்கு வக்காலத்தா?"

மேசைமேல் அக்காவின் ஃபோன் இருந்தது. காட்டலாம் என்று திறந்தேன். எங்கள் பேச்சில் அந்த நாளே இல்லை. படம், அவள் கேள்வி, என் பதில், எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள்.

"விடுடி," என்றாள் அக்கா, வாண்டுக்குத் தலை வாரிக்கொண்டே.

என் ஃபோனில் இருந்தது. எடுத்து மாமாவிடம் நீட்டினேன்.