பங்குலேர்ந்து வந்திருக்கோம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் உன்கூட இருக்கிற பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஜெபம் சொல்லி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய்ச்சாட்சி சொன்ன பாவம் வரும், இந்த மாதத்துக்கு ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அதனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பயந்துவிடாதே, இடது கையால் எழுதுகிறேன், வலது கைக்கு என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், பாதியில் போனை எடுக்காதே. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் போய்ச் சேராது. சனிக்கிழமை உன் அப்பா அங்கே வருகிறார். அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

உன் ஒரு வருஷத்தை நீ அங்கே கோயில் வேலைக்குக் கொடுத்திருக்கிற மாதிரி, இங்கேயும் எங்கிருந்தோ நாலு பிள்ளைகள் வந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறைகளில் தங்கியிருக்கிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா, காலையில் வேதப் பாடம், மாலையில் இரண்டு இரண்டு பேராக வீடு சந்திப்பு, நீ செய்கிற அதே வேலைதான். அதில் ஒருவன் நெட்டையன். படுக்க இடம் பத்தவில்லை என்று பங்குச் சாமியார் கேட்டதும் உன் கட்டிலைத்தான் தூக்கிக் கொடுத்தோம், படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கும் என்று உன் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முதலில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவன்தான், பிறகு அவனைக் கூடப்பிறந்தவனாகவே வைத்துக்கொண்டான். நெட்டையன் ஒழிந்த நேரத்தில் நம் கறிக்கடைக்கு வந்து கட்டைக்குப் பக்கத்தில் நிற்பான், கத்தி எலும்பில் இறங்குகிற சத்தத்துக்கே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான், ஆனாலும் நகர மாட்டான். பயந்தவன், ஆனால் ஓடாதவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் அடி விழும் என்பதை நான் இந்த வயசில் தெரிந்துகொண்டேன்.

நம் தெரு முனையில் புதிதாகக் குடிவந்த டயர்க்காரனை உனக்குத் தெரியாது, முன்னால் கடை, பின்னால் வீடு, ஒரு பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். நம் கோயில்காரர்கள் இல்லை. அவனுக்கும் அவன் தம்பிக்கும் அப்பன் விட்டுப்போன வீட்டில் தகராறு, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை இரண்டு பேருமே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள் போல. சம்பவத்துக்கு முந்தின வாரம்தான் அந்தத் தம்பி கடை வாசலில் நின்றுகொண்டு, என் பங்கைக் கேட்டு ஆளு வரும், உக்காந்து பேசுவாங்க, பேசி முடிச்சதும் நீ எந்திரிக்க மாட்டே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனான். நானும் தராசைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். அன்றையிலிருந்து டயர்க்காரன் டயர் கழற்றுகிற இரும்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறான் என்று பால்காரன் சொன்னான்.

இப்போது புரிகிறதா. வெயில் இறங்குகிற நேரத்தில் நெட்டையனும் அந்த நாலு பேரில் குட்டைப் பொண்ணு என்று நாங்கள் கூப்பிடுகிற பிள்ளையும் வீடு சந்திப்புக்குப் போயிருக்கிறார்கள். நெட்டையன் கதவைத் தட்டி, உங்களுக்கெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களோ அப்படியே ஒரு எழுத்து பிசகாமல், வணக்கங்க, பங்குலேர்ந்து வந்திருக்கோம், கொஞ்சம் உக்காந்து பேசலாமா, வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க என்று கேட்டிருக்கிறான். நமக்குப் பங்கு என்றால் கோயில், சாமியார், ஞாயிற்றுக்கிழமை பூசை. ஊர் உலகத்துக்குப் பங்கு என்றால் என்ன, சொல்லு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பனைமர உயரத்துக்கு ஆள் நிற்கிறான், பின்னால் நின்ற குட்டைப் பொண்ணு அவன் கண்ணில் படவே இல்லை. கதவைத் திறந்த கையோடு இரும்பு இறங்கிவிட்டது. முதல் அடி தாடையில், இரண்டாவது காறை எலும்பில், விழுந்த பிறகு விலாவில் ஒன்று. கறிக்கடைக்காரி நான், எலும்பு எப்படி உடையும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். குட்டைப் பொண்ணு வாசற்படியில் கிடந்த பல்லைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நம் கடைக்கு ஓடி வந்தாள், உடுப்பெல்லாம் ரத்தம், கைக்குட்டையைக் கட்டையின் மேல் அவிழ்த்துக் காட்டினாள். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று அவளிடம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகளே, நிறுத்த முடியாத சிரிப்பு, நர்ஸ் வந்து அதட்டினாள், கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கு அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பின கையோடு உன் அண்ணன் கடைக்குள் வந்தான். எலும்பு வெட்டுகிற பெரிய கத்தியைக் கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, சரி, இளரத்தம், அப்பா என்று ஒருத்தர் இருக்கிறாரே தடுப்பார் என்று திரும்பிப் பார்த்தால் உன் அப்பா ஆட்டை மாட்டுகிற இரும்புக் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே போகிறார். அவர்கள் போவதைப் பார்த்து ஆளுக்கு ஒரு கட்டை, கம்பி என்று தெருவே போனது, பாதிப் பேர் கோயில்காரர்கள்தான், குறுக்கே வந்து கையை விரித்த பங்குச் சாமியாரை யாரோ தள்ளிவிட்டதில் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தில் கிழித்துவிட்டது. நான் போய்ச் சேருவதற்குள் உன் அண்ணன் அந்தக் கதவை வெட்ட ஆரம்பித்திருந்தான். உள்ளே டயர்க்காரன் கத்துகிறான், அவன் பெண்டாட்டி கத்துகிறாள், சின்னது ஒன்று மட்டும் ராகம் மாதிரி ஒரே குரலில் அழுகிறது. பலகை தெறிக்கிறது. உன் அப்பா கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கிறார். அடியே, அவர்களைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது, என் புருஷன், என் பிள்ளை, எனக்குப் பயமாக இருந்தது. யோசித்தெல்லாம் செய்யவில்லை, கூட்டத்துக்குள் புகுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று கையைத் தூக்கினேன். ஓங்கினவன் கடைசி நொடியில் பார்த்துவிட்டுத் திருப்பினான், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கையாலேயே அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன், ஐந்து விரலும் ரத்தமாகப் பதிந்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் கூட்டம் நின்றது. போலீஸ் வந்து டயர்க்காரனையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு போனது. உங்க கையில என்னம்மா என்று கேட்டார்கள், கறி வெட்டும்போது தவறிடுச்சுங்க என்றேன். அதுதான் மேலே சொன்ன பொய். தையல் போட்டிருக்கிறார்கள், இரண்டு விரல் மடங்கவில்லை, மடங்கும் என்கிறார்கள், மடங்காவிட்டாலும் உன் அண்ணனைக் குட்டுவதற்கு மீதி விரல் போதும். அவன் அன்றையிலிருந்து கத்தியைத் தொடவில்லை, கறியைக் கழுவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். நீ அவனுக்கு ஒரு வார்த்தை தனியாக எழுது.

நெட்டையனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வைத்துத்தான் கஞ்சி உறிஞ்சுகிறான். அவன் அம்மா செய்தி கேட்டு வேலைச் சட்டையோடு வந்து இறங்கினாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், சாவி கழுத்திலேயே தொங்குகிறது. மகன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், அழவில்லை, வெளியே வந்து என்னைப் பார்த்து அந்த வீட்டைக் காட்டுங்க என்றாள். சாமியார் வேண்டாம் என்றார். நான்தான் கூட்டிப்போனேன். சமாதானம் பண்ணப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்த அம்மா நாலு கேள்வி கேட்கட்டும், பக்கத்தில் நின்று கேட்போம் என்றுதான் போனேன். கதவு முழுக்க உன் அண்ணன் போட்ட வெட்டு. உள்ளே பலகையோ பீரோவோ முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். தட்டினோம். யாரு என்று டயர்க்காரன் பெண்டாட்டி குரல் மட்டும் வந்தது, அவன் ஜெயிலில் இருக்கிறான், அவள் பிள்ளையோடு தனியாக. என் வாய் இருக்கிறதே, இத்தனை வருஷப் பழக்கம், நினைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். பங்குலேர்ந்து வந்திருக்கோம்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. உள்ளே எதையோ நகர்த்தினாள், தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, இரண்டு கையாலும் ஒரு இரும்பைத் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு அவள் நிற்கிறாள், பின்னால் அந்தச் சின்னது அவள் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் பின்வாங்கிவிட்டேன், வெட்கம்தான், ஆனால் வாங்கிவிட்டேன். வேன்காரம்மா ஒரு எட்டுகூட நகரவில்லை. அடிக்கணும்னா அடி, எம் பிள்ளைய அடிச்சது இந்த இரும்பான்னு மட்டும் சொல்லு என்றாள். அவள் முழித்துக்கொண்டு, இல்லைங்க, அத போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க, இது வேற என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. வேன்காரம்மா அந்த இரும்பை வாங்கித் தெருவில் வீசினாள், திரும்பி அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். தெரு நாயெல்லாம் குரைத்தது. அந்தப் பெண் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை மகளே. அடுத்தது எப்போது என்று நிற்கிற மாதிரி நின்றாள். அதைப் பார்த்ததும் வேன்காரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. உன்னையும் அடிப்பானா என்று கேட்டாள். அவள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். அந்த அம்மா அப்படியே வாசற்படியில், தன் மகன் பல் கிடந்த அதே படியில், பொத்தென்று உட்கார்ந்து தண்ணி குடு என்றாள். அவள் கொண்டுவந்து கொடுத்தாள், இவள் குடித்தாள். மன்னிப்பு என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்தான் என்னைப் பார்த்து, ஏங்க, பங்குன்னா என்னங்க என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன். ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து அதில் இருக்கிறேன். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிங்க என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், எதிரே கதவில் என் மகன் போட்ட வெட்டு. கடையில் கூறு போடுகிற பங்கு எனக்குத் தெரியும், எலும்பும் கறியும் எல்லாப் பங்கிலும் கலந்து போட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். அதை அவளிடம் சொல்ல முடியுமா. எம் பொண்ணு இதைத்தான் படிக்கிறா, கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ அதை யோசித்து எழுது, புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதாதே, அந்த வாசலில் நான் நின்று சொல்கிற மாதிரி எழுது. அவள் காத்திருக்கிறாள்.

இனி உன் விஷயம். உன் அப்பா உன்னைக் கூட்டிவரத்தான் வருகிறார், உன் சாமான்களை அள்ளிப் போட ஒரு காலிப் பை எடுத்து வைத்திருக்கிறார். கோயிலுக்குக் கொடுத்தது போதும், பெத்ததுல எனக்கும் பங்கு இருக்கு என்கிறார். நெட்டையனை என்ன செய்யப்போகிறாய் என்று வேன்காரம்மாவிடம் கேட்டதற்கு, வாய் திறக்கட்டும், அவனே சொல்லட்டும் என்றாள். நானும் அதையே சொல்கிறேன். வந்துவிடு என்று எழுத இந்த இடது கை மூன்று முறை போயிற்று, அங்கேயே இரு என்று எழுத நான் அவ்வளவு பெரிய புண்ணியவதியும் இல்லை. உனக்கு வாய் இருக்கிறது, நீ சொல்லு. வந்தால் படுக்கக் கட்டில் இல்லை, என் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

அங்கேயே இருந்தால் ஒன்று செய். கதவைத் தட்டினதும் இரண்டு எட்டு பின்னால் தள்ளி நில். உன் முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி நில். எத்தனை பேர் இருக்கீங்க என்று வாசலில் கேட்காதே, உன் பேரை முதலில் சொல்லு. காய்ச்சல் வந்தால் மறைக்காதே, ஈரத் தலையோடு படுக்காதே. ஆண்டவர் உன் கூட வரட்டும், மாதா உன்னை மூடிக்கொள்ளட்டும், உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். இடது கையால் போட்டால் செல்லுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன், செல்லும் என்றார்.

இப்படிக்கு,
எந்த வாசலில் நிற்கிறாயோ என்று நினைத்துக்கொண்டே இருக்கும்
உன் அம்மா

பி.கு: சனிக்கிழமை கதவு தட்டினால் யார் என்று கேட்டுத் திற. பங்கு கேட்டு வந்திருக்கேன் என்று குரல் வரும். பயப்படாதே, கையைப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், பையைத் தவிர ஒன்றும் இருக்காது.